தேநீர் வட்டம் தொடங்க எது வழி: வீடா, வெட்டவெளியா, பங்கு போடுவதா?

டீ என்றால் உயிர் என்று சொல்பவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், பத்து நிமிடத்துக்குள் ஒருவர் கேட்டுவிடுவார்: "மாசத்துக்கு ஒரு தடவை நாம இப்படிச் சந்திச்சா என்ன?" எல்லோரும் உற்சாகமாகத் தலையாட்டுவார்கள். இரண்டாவது சந்திப்பு தள்ளிப்போகும். அது நடந்துவிட்டாலும் மூன்றாவது நடக்காது. இப்படி இரண்டு முறை தொடங்கிக் கைவிட்டவன் நான். மூன்றாவது முயற்சி நிலைத்தது. மூன்றிலும் ஆசை ஒன்றுதான், ஆட்களும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான். மாறியது கூடுகிற முறை மட்டுமே.

அதனால் யாராவது வந்து "ஒரு டீ குழு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், எந்த டீ வாங்கட்டும்?" என்று கேட்டால், இலையை அப்புறம் பார்க்கலாம், எப்படிக் கூடப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள் என்பேன். நான் பார்த்தவரை வழிகள் ஐந்து. வீட்டில் நாலைந்து பேராகக் கூடுவது, பொது இடத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கூடுவது, சேர்ந்து இலை வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது, ஆசிரியர் ஒருவரிடம் சேர்ந்து கற்பது, தூரத்தில் இருப்பவர்கள் தபாலில் இலை மாற்றிக்கொள்வது. கடைசி இரண்டைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. முதல் இரண்டில்தான் அடிபட்டுக் கற்றிருக்கிறேன்.

முதலில் கிண்ணத்தைக் கேளுங்கள்

எத்தனை பேர் என்பதை நாம் தீர்மானிப்பதாக நினைக்கிறோம். பாதி முடிவைப் பாத்திரம் எடுத்துவிடுகிறது.

சீனர்களின் கோங்ஃபு முறையில் பயன்படும் கைவான் என்ற மூடிபோட்ட கிண்ணம் பெரும்பாலும் 100 முதல் 150 மி.லி. கொள்ளளவு உள்ளது. அதில் 5 அல்லது 6 கிராம் இலை போட்டு, சில நொடிகள் மட்டும் ஊறவிட்டு வடிப்பார்கள். 120 மி.லி. வடித்தால் 30 மி.லி. சின்னக் கிண்ணங்கள் நான்கு நிறையும். அதே இலையில் மறுபடி நீர் ஊற்றலாம். கிரீன் டீக்கும் பிளாக் டீக்கும் இடைப்பட்ட ஊலாங் இலை நல்லதாக இருந்தால் ஆறேழு முறை தாங்கும். முதல் நீரில் பூவாசம், மூன்றாவதில் இனிப்பு, ஐந்தாவதில் மரப்பட்டை வாடை என்று சுவை மாறிக்கொண்டே போகும். பேச்சுக்கு விஷயம் கிடைப்பது இந்த மாற்றத்தில்தான். இதே கைவானை வைத்துக்கொண்டு பத்துப் பேரை அழைத்தால் ஆளுக்கு மூன்று தேக்கரண்டி கூடத் தேறாது.

பெரிய கெட்டிலில் காய்ச்சலாமே என்றால், தாராளமாகக் காய்ச்சலாம். ஒரு லிட்டர் பாத்திரத்தில் பத்துப் பேருக்கும் ஆளுக்கு 100 மி.லி. கிடைக்கும். ஆனால் நீர் மாற்றி மாற்றிக் குடிக்கும் அந்த விளையாட்டு போய்விடும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நின்றதுதான் என் இரண்டாவது முயற்சி. பதினான்கு பேர், ஒரே ஒரு மின் கெட்டில், அபூர்வமான ஊலாங் இருபது கிராம். கடைசி ஆளுக்குக் கிண்ணம் போய்ச் சேரும்போது முதல் ஆள் கிளம்பத் தயாராகியிருந்தார்.

நுணுக்கமாகக் குடிக்க ஆசையா, நிறையப் பேர் கூட ஆசையா? இதற்கு ஒரு வரியில் பதில் எழுதிவிட்டால் ஐந்தில் இரண்டு வழிகள் தானாகக் கழன்றுவிடும்.

வீட்டு வட்டம்

நான்கு முதல் ஆறு பேர், ஒரு மேசை. என் ஓட்டு இதற்குத்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சின்ன இடத்துக்கு ஒரு பலம் உண்டு என்பதை 16-ஆம் நூற்றாண்டிலேயே ஜப்பானிய தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ கண்டுகொண்டார். கியோட்டோவை அடுத்த யமசாகியில் இருக்கும் தையான் என்ற தேநீர்க் குடில் அவர் அமைத்தது என்பார்கள். உள்ளே இரண்டு பாய் விரிக்கத்தான் இடம். குனிந்து தவழ்ந்துதான் நுழைய முடியும். போர்வீரனாக இருந்தாலும் வாளை வெளியே வைத்துவிட்டே வர வேண்டும். உள்ளே போனபின் யாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் விலகி உட்கார முடியாது. ஜப்பானியத் தேநீர் மரபில் 'கோய்ச்சா' என்று கெட்டியாகக் கரைக்கும் மச்சாவை (பொடித்த கிரீன் டீ) ஒரே கிண்ணத்தில் ஊற்றி விருந்தினர்கள் கைமாற்றிக் குடிப்பதும் உண்டு. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும்போது ஒரே ஒரு பேச்சுதான் நடக்கும் என்பது முக்கியம். எட்டுப் பேரானால் பேச்சு இரண்டாக உடைந்துவிடுகிறது. இதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வீட்டு வட்டத்தைக் கொல்வது கழுவும் தொட்டி. சிரிக்காதீர்கள். என் முதல் முயற்சி ஐந்தே மாதத்தில் நின்றதற்கு அதுதான் காரணம். வீடு என்னுடையது, இலை என்னுடையது, காய்ச்சுவது நான், எல்லோரும் போனபின் முப்பது சின்னக் கிண்ணங்களைக் கழுவுவதும் நான். வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. விருந்தாளியாக அழைத்தேன், விருந்தாளியாக நடந்துகொண்டார்கள். ஐந்தாவது மாதம் எனக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அதோடு முடிந்தது.

பிற்பாடு நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு மிக எளிது. வீடு ஒன்றாகவே இருக்கலாம், ஏனென்றால் வீட்டைச் சுற்றில் விட்டால் இடம் சின்னதாக இருப்பவர்களுக்குச் சங்கடம். காய்ச்சுகிறவர் மட்டும் மாதாமாதம் மாறுவார். அந்த மாதத்து ஆள் மூன்று வகை இலையைத் தேர்ந்தெடுத்து, வீட்டிலேயே எடைபோட்டுப் பொட்டலம் கட்டிக் கொண்டுவர வேண்டும். காய்ச்சுகிறவர் கழுவக் கூடாது, வீட்டுக்காரரும் கழுவக் கூடாது. மீதி இருப்பவர்கள் பாத்திரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதி வந்தபின் வராமல் இருப்பவர்கள் குறைந்தார்கள். தன் முறை வரும் மாதத்தில் ஆள் கண்டிப்பாக வருவார், அடுத்தவர் முறைக்குப் போகாமல் இருக்க வெட்கப்படுவார்.

மூன்று வகை என்பதற்கும் காரணம் உண்டு. ஆரம்பத்தில் ஆறு, ஏழு என்று வரிசையாக வைத்தோம். நாலாவதுக்கு மேல் நாக்கு மரத்துவிடுகிறது. வெறும் வயிற்றில் வந்தவருக்குக் குமட்டுகிறது. காஃபீனில் பாதி உடலை விட்டு வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இரவு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். காலை அல்லது மதியத்துக்குப் பிந்திய நேரம், கொறிக்க உப்பில்லாத ஏதாவது ஒன்று, மூன்று வகை. போதும்.

வட்டம் சின்னதாக இருப்பதன் ஆபத்து சலிப்பு. ஆறாவது மாதம் எல்லோருக்கும் எல்லோருடைய கருத்தும் தெரிந்துவிடும். "இவருக்குப் புகைவாடை பிடிக்காது, அவர் எதற்கும் தேன் வாசம் என்பார்." இந்தச் சலிப்பை உடைக்க எங்களுக்கு உதவியது ஒரு பழைய விளையாட்டு. 14-ஆம் நூற்றாண்டு ஜப்பானில் 'தோச்சா' என்று ஒரு போட்டி இருந்தது. பெயர் சொல்லாமல் கிண்ணங்களைக் கொடுப்பார்கள். தோகனோவில் விளைந்த இலை எது, வேறு இடத்து இலை எது என்று சுவைத்தே சொல்ல வேண்டும். பந்தயம் கட்டி ஆடி அது எல்லை மீறிப்போக, 1336-இல் வந்த கென்மு சட்டவிதிகளில் சூதாட்டத்தோடு நடக்கும் தேநீர்க் கூட்டங்களைக் கண்டித்து எழுதும் அளவுக்குப் போய்விட்டது. நாங்கள் பந்தயம் கட்டுவதில்லை. தோற்றவர் கழுவுவார்.

இப்படி மறைத்துச் சுவைக்க எல்லா இலையையும் ஒரே மாதிரி காய்ச்சியாக வேண்டும். அதற்கு ஐஎஸ்ஓ 3103 என்று 1980-இல் வந்த சர்வதேசத் தரமே இருக்கிறது: 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். அதற்கு முன்னோடியான பிரிட்டிஷ் தரத்துக்கு, தேநீர் போடுவதை ஆறு பக்கம் எழுதியதற்காக, 1999-இல் இலக்கியத்துக்கான இக் நோபல் என்ற கேலிப் பரிசு கொடுத்தார்கள். கேலி இருக்கட்டும். இந்த அளவில் போட்டால் டீ குடிக்கச் சுகமாக இருக்காது, கடுப்பாக இருக்கும். ஆனால் இலையின் குற்றம் குறை எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. விலை உயர்ந்த இலை என்று பெருமையாகக் கொண்டுவந்தவர் முகம் வாடுவதைப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. அவர் நானாக இருந்ததும் உண்டு.

வெட்டவெளி

பூங்காவிலோ நூலகத்து முற்றத்திலோ, வருகிறவர் வரட்டும் என்று கூடுவது. புதிய முகங்கள் கிடைக்கும். வீடு வேண்டாம். "உள்ளே இருக்கிறவர்கள், வெளியே நிற்கிறவர்கள்" என்ற பாகுபாடு வராது. வீட்டு வட்டத்தில் ஏழாவது ஆளுக்கு இடமில்லை என்று சொல்ல வேண்டிய தர்மசங்கடம் இங்கே கிடையாது.

சிக்கல் வெந்நீரில்தான். எட்டுப் பேர், ஆளுக்கு 30 மி.லி., ஐந்து சுற்று என்றால் 1.2 லிட்டர். கிண்ணம் சூடாக்க, இலை அலச, சிந்த என்று சேர்த்தால் இரண்டு லிட்டர் தேவை. பிளாஸ்கில் கொண்டுபோகும் நீர் சூடு குறைந்துகொண்டே வரும். 70 முதல் 80 டிகிரியில் போட வேண்டிய கிரீன் டீக்கு அது வசதி. முழுக் கொதிநிலை கேட்கும் பூஅர் என்ற சீனத் தேயிலைக்கும் பிளாக் டீக்கும் சப்பென்று போய்விடும். வெட்டவெளிக்கு இலை தேர்ந்தெடுக்கும்போது பிளாஸ்கின் மனநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இதனால்தான் சொல்கிறேன்.

யார் காய்ச்சுவது, யார் பரிமாறுவது என்ற கேள்வி இங்கே இன்னும் பெரிதாகிறது. தெரியாதவர்கள் பதினைந்து பேருக்கு ஒருவர் காய்ச்சிக்கொண்டே இருந்தால் அவர் சிப்பந்தி ஆகிவிடுவார். இதற்கு நான் அறிந்ததிலேயே அழகான தீர்வு தைவானில் 1990 வாக்கில் சாய் ரோங்-ட்சாங் உருவாக்கிய 'வூ-வோ' தேநீர்க் கூட்டம். 'நான் இல்லை' என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். வருகிறவர்கள் தங்கள் இலை, பாத்திரம், பிளாஸ்க் எல்லாவற்றையும் தாங்களே கொண்டுவருவார்கள். யார் பக்கத்தில் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். வட்டமாகத் தரையில் உட்கார்ந்து, பொதுவாக நான்கு கிண்ணம் காய்ச்சி, மூன்றை இடப்பக்கம் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஒன்றைத் தான் வைத்துக்கொள்வார்கள். எல்லோரும் அப்படியே செய்வதால் ஒவ்வொருவர் முன்னாலும் நான்கு விதமான டீ வந்து சேரும். நீங்கள் கொடுத்தது இடப்பக்கம் போகிறது. உங்களுக்கு வருவது வலப்பக்கத்திலிருந்து. கொடுத்தவரிடமிருந்தே திரும்ப எதிர்பார்க்க முடியாத அமைப்பு. எந்த இலைக்கும் உயர்வு தாழ்வு கிடையாது. காய்ச்சத் தொடங்கியபின் பேச்சு கிடையாது. தலைவரும் கிடையாது; எத்தனை சுற்று, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஐம்பது பேர் கூடினாலும் வேலை ஒருவர் தலையில் விழாது. சமைப்பவரும் விருந்தாளியும் ஒருவரே. கிண்ணத்தின் கணக்கு சொன்ன தடையையே இது தாண்டிவிடுகிறது: கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் ஒவ்வொருவரும் நான்கு கிண்ணம்தான் காய்ச்சுகிறார்.

இதற்கு விலையும் இருக்கிறது. எல்லோரிடமும் பாத்திரம் இருக்க வேண்டும். டீயைப் பற்றி இப்போதுதான் ஆர்வம் வந்த ஒருவரை "உன் சாமான்களை எடுத்துக்கொண்டு வா, வாயைத் திறக்காதே" என்று அழைக்க முடியாது. மௌனத்தில் ஒரு நெருக்கம் உண்டாவது உண்மை. ஆனால் முதல் நாளே அதை எதிர்பார்ப்பது அதிகம். நாங்கள் அந்த மௌனத்தை முதல் சுற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். பாத்திரம் இல்லாதவர்கள் ஒரு கண்ணாடித் தம்ளரில் இலையைப் போட்டு நீர் ஊற்றிக் குடிக்கலாம். சீனாவில் கோடிக்கணக்கானவர்கள் தினமும் குடிப்பதே அப்படித்தான்.

வெயில் நாளில் கூடுகிறவர்களுக்கு இன்னொரு சுலபவழி இருக்கிறது. ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 10 கிராம் இலை போட்டு இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் காலையில் தயார். குளிர்நீரில் துவர்ப்பும் காஃபீனும் குறைவாகவே இறங்கும் என்பதால் கசந்துபோகும் என்ற பயமில்லை. நான்கு பேர் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்தால் இருபது பேருக்குப் போதும், வெந்நீர்ப் பிரச்சினையே எழாது. நுணுக்கம் தேடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களை வீட்டு வட்டத்துக்கு அனுப்பிவிடலாம்.

பால் விவகாரம்

எந்த வழியில் போனாலும் இது வரும். டீ பிடித்தவர்கள் என்று அழைத்தால் பாதிப் பேர் பாலும் சர்க்கரையும் போட்ட டீயைத்தான் மனதில் வைத்துக்கொண்டு வருவார்கள். மற்றப் பாதிப் பேர் அதைக் கேட்டதும் புருவத்தை உயர்த்துவார்கள். குழு உடைவது பெரும்பாலும் அந்தப் புருவத்தில்தான்.

இரண்டும் இரண்டு வேறு இலைகள். 1930-இல் அசாமின் அம்கூரி தோட்டத்தில் வில்லியம் மெக்கர்ச்சர் கொண்டுவந்த சிடிசி முறை இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கிவிடுகிறது. குருணையிலிருந்து சாறு சட்டென்று முழுதாக இறங்கிவிடும். நிறமும் கடுப்பும் பாலைத் தாங்கும் அளவுக்கு இருக்கும். பாலில் உள்ள கேசீன் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் கடுப்பு இதமாகிறது. ஆனால் அதில் இரண்டாவது நீர் என்ற பேச்சுக்கே இடமில்லை. முழு இலை கைவானுக்கு, குருணை பெரிய பாத்திரத்துக்கு. ஒன்றை மற்றதன் தராசில் வைத்தால் இரண்டுமே தோற்கும். பெரிய கூட்டத்துக்குப் பால் டீயைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை என்றுகூடச் சொல்வேன். பெயர் வைக்கும்போதே "நாங்கள் பால் சேர்க்காமல் குடிக்கிறவர்கள்" என்றோ "எல்லா டீயும் உண்டு" என்றோ தெளிவாகச் சொல்லிவிட்டால், வந்தபின் மனம் நோகாது.

சேர்ந்து வாங்கிப் பங்கு போடுவது

கேட்க மிக நியாயமான யோசனை. பூஅர் வழக்கமாக 357 கிராம் வட்டத் தட்டாக அழுத்தப்பட்டு வருகிறது, ஏழு தட்டு ஒரு கட்டு. பிடிக்குமா என்று தெரியாமல் ஒருவர் முழுத் தட்டு வாங்குவது வீண். பத்துப் பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 35 கிராமுக்குக் கொஞ்சம் அதிகமாக வரும், ஏழு முறை காய்ச்சலாம். பூஅர் நன்றாக வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது, சிலது மெருகேறும். அதனால் பங்கு போடுவதற்கென்றே பிறந்த பண்டம்.

கிரீன் டீக்கு இது சரிப்படாது. ஓராண்டுக்குள் அதன் புத்துணர்வு போய்விடும். பெரிய பொட்டலத்தைத் திறந்து பத்தாகப் பிரிக்கும்போதே காற்று பட்டு வயது ஏறிவிடும். டீ இலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். ஒரு முறை எங்கள் பங்குகள் அனைத்தும் சோப்பு வாடையோடு வந்து சேர்ந்தன. பிரித்துக் கட்டியவர் எங்கே வைத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப்பின் அவரிடம் பிரிக்கவும் கொடுக்கவில்லை.

இலையைவிடப் பணம்தான் சீக்கிரம் கெடுகிறது. முன்பணம் போட்டவர் ஒருவர், தாமதமாகத் தருபவர் ஒருவர், தூள் பங்கு தனக்கு வந்துவிட்டது என்று முணுமுணுப்பவர் ஒருவர். பழகி ஒரு வருடம் ஆகாதவர்களோடு இதைத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. தொடங்கினால் பணம் முழுக்கக் கைக்கு வந்தபின்தான் வாங்குவது, பிரிப்பதை எல்லோர் முன்னாலும் தராசு வைத்துச் செய்வது. பிரிக்கும் நாளையே சந்திப்பு நாளாக்கிவிட்டால் தட்டின் நடுப்பகுதியையும் ஓரத்தையும் தனித்தனியே காய்ச்சிப் பார்க்கலாம். அன்றைக்குப் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது.

மற்ற இரண்டு

ஆசிரியரிடம் சேர்வது உறுதியான வழி. ஜப்பானின் உராசென்கே போன்ற மரபுப் பள்ளிகள் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. ஒழுங்கு அங்கே ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் போய் உட்கார்ந்தால் போதும். கற்றுக்கொள்வீர்கள், உடன் கற்பவர்கள் நண்பர்களும் ஆகலாம். ஆனால் அது அவர்களுடைய வட்டம். உங்களுடைய கேள்வி வேறாக இருந்ததால்தானே இதைப் படிக்கிறீர்கள்.

தபாலில் இலை மாற்றிக்கொள்வது தனித்திருப்பவர்களுக்கு ஆறுதல். ஒரே இலையை ஐந்து பேருக்கு அனுப்பி, ஒரே நாளில் குடித்து, எழுதிப் பகிர்ந்துகொள்ளலாம். தண்ணீர்தான் காலை வாரும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் டீயின் மேல் ஏடு படியும், சுவை மந்தமாகும். ஒருவர் பூவாசம் என்பார், இன்னொருவர் அட்டை வாசம் என்பார். பேசுவது இலையைப் பற்றியா குழாய் நீரைப் பற்றியா என்று தெரியாது.

எதை எடுப்பது

கையில் இருப்பது மேசையும் நெருங்கிய நாலு பேரும் என்றால் வீட்டு வட்டம், கழுவும் விதியோடு. ஊருக்குப் புதியவர், யாரையும் தெரியாது என்றால் வெட்டவெளி. முதல் இரண்டு முறை குளிர்நீர் டீ, பாத்திரம் வைத்திருப்பவர்கள் சேர்ந்தபின் வூ-வோ. பழைய நண்பர்கள், அலமாரியில் இலை வைக்க இடம் என்றால் மட்டும் பங்கு.

நாங்கள் இப்போது செய்வது ஒரு கலவை. மாதத்துக்கு ஒரு முறை ஆறு பேர் வீட்டில். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியே, யாரும் வரலாம். வெளியே வந்தவர்களில் யாராவது திரும்பத் திரும்ப வந்தால், இரண்டாவது வீட்டு வட்டம் தொடங்கச் சொல்லி ஒரு கைவானைக் கடன் கொடுக்கிறோம். எங்கள் மேசையில் ஏழாவது நாற்காலி போடுவதில்லை. கைவான் இதுவரை மூன்று போயிருக்கிறது. ஒன்றுதான் உடைந்தது.